கிளோட்ரிமசோலும் குளோபெட்டசோலும் ஒன்றல்ல

கொஞ்சம் நீளமான பதிவு. வாசிக்க நேரமில்லாதவர்கள் தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு, வீட்டு அலுமாரியில் கிடக்கும் கிறீம் ரியூபை எடுத்து அதன் பெயரை ஒருதரம் வாசியுங்கள். மிச்சத்தை இரவுக்கு வாசிக்கலாம்.

எங்கள் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிப்பது நாங்கள் இரண்டு பேர்தான். ஐப்பசி மழை தொடங்கி, பிள்ளைகளின் சீருடை முழுதாகக் காயாமல் வருகிற நாட்களில், வகுப்பில் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்கும். பேச்சுச் சத்தமில்லை, சொறிகிற சத்தம். இடுப்புப் பட்டிக்குக் கீழே, தொடையிடுக்கில், அக்குளில், கால்விரல்களுக்கு இடையில். வெயில் காலத்தில் வியர்வையால் அதே கதை. ஆண் பிள்ளைகள் வெட்கமில்லாமல் சொறிகிறார்கள். பெண் பிள்ளைகள் அடக்கிக்கொண்டு இருந்து, இடைவேளைக்கு மணி அடித்ததும் கழிவறைப் பக்கம் ஓடுகிறார்கள்.

போன தவணையில் எட்டாம் ஆண்டுப் பையன் ஒருவன் ஒரு கிழமையாக வரவில்லை. விசாரித்தபோது அவனுடைய உம்மா வந்தா. "டீச்சர், இவனுக்கு இடுப்பில வட்டம் வட்டமா வந்திச்சு. ஆஸ்பத்திரியில ஒரு கிறீம் தந்தாங்க. பூச நல்லா வந்தது. முடிஞ்சதும் டவுனில அதே கிறீம வாங்கிப் பூசினோம். மூண்டு நாள்ல கடி நிண்டுட்டு. பிறகு பாத்தா வயிறு, முதுகு எல்லாம் பரவிட்டு" என்றா. வீட்டில் ஐந்து பேர். ஐந்து பேருக்கும் அதே ரியூப், அதே துவாய்.

ரியூபைக் கொண்டுவரச் சொன்னோம். ஆஸ்பத்திரியில் கொடுத்தது கிளோட்ரிமசோல். அந்த வெறும் ரியூபையும் அவ கவனமாக எடுத்து வைத்திருந்தா. கடையில் வாங்கியது குளோபெட்டசோல். பெயரை மறந்து, "குளோ என்று தொடங்கி சோல் என்று முடியிற கிறீம்" என்று கேட்டிருக்கிறா. கொடுத்தவரும் துண்டைக் கேட்கவில்லை, என்ன வருத்தம் என்றும் கேட்கவில்லை. எந்தக் கடை என்று நாங்கள் எழுதப்போவதில்லை. ஒரு கடையின் கதையாக இருந்திருந்தால் இந்தப் பதிவே தேவைப்பட்டிருக்காது.

இரண்டு பெயரும் காதுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. வேலையோ நேர் எதிர். ஒன்று பங்கசைத் தாக்குகிறது. மற்றது மிகக் கடுமையான ஸ்டீரொயிட். அது பங்கசை ஒன்றும் செய்யாது. பங்கசோடு சண்டை பிடிக்கிற எங்கள் உடம்பின் காவலைத்தான் படுக்க வைக்கிறது. சிவப்பும் கடியும் அந்தச் சண்டையின் அடையாளங்கள். சண்டை நின்றதும் கடியும் நிற்கிறது, நாங்கள் சுகம் என்று நினைக்கிறோம். பங்கசு யாருடைய தடையும் இல்லாமல் வளர்கிறது. வட்டத்தின் ஓரம் மங்கிப்போவதால் வைத்தியருக்கே அடையாளம் காணக் கஷ்டமாகிறது. மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, பிள்ளைப்பேற்றுக்குப் பின் வயிற்றில் வருவதுபோன்ற கோடுகள் விழும். அந்தக் கோடுகள் பிறகு போகாது.

இந்த இடத்தில் ஒரு கொழுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாடசாலையில் பங்கசு என்று வந்தால், "கலச்சுவர் கைற்றினால் ஆனது" என்று குறிப்புக் கொடுத்து முடித்துவிடுகிறோம். பரீட்சைக்கு அது போதும். ஆனால் வீட்டு அலுமாரியில் கிடக்கிற ரியூபை விளங்கிக்கொள்ளச் சுவர் போதாது. சுவருக்கு உள்ளே இருக்கிற மென்சவ்வுக்குப் போக வேண்டும்.

தை மாதப் பனிக்குத் தேங்காய் எண்ணெய் போத்தலுக்குள் உறைந்து நிற்பதையும், சித்திரை வெயிலில் தண்ணீராய் ஓடுவதையும் எல்லோரும் கண்டிருக்கிறோம். கலத்தைச் சுற்றியிருக்கும் மென்சவ்வும் பெரும்பாலும் இலிப்பிட்டுக்களால், அதாவது கொழுப்பு வகைகளால் ஆனதுதான். அது எண்ணெய்போல உறையவும் கூடாது, ஓடவும் கூடாது. அந்த நடுநிலையைப் பிடித்து வைப்பது ஸ்டெரோல் என்ற இன்னொரு வகை இலிப்பிட்டு. மனிதருடைய கலத்தில் அந்த வேலையைச் செய்வது நாங்கள் எல்லோரும் பயப்படுகிற கொலஸ்ட்ரோல். இரத்தப் பரிசோதனைத் துண்டில் கூடினால்தான் அது வில்லன். மென்சவ்வில் அது இல்லாமல் நாங்கள் இல்லை. தாவரத்துக்கு வேறு ஸ்டெரோல்கள் உண்டு. பங்கசுக்கு எர்கொஸ்டெரோல்.

கொலஸ்ட்ரோலில் 27 காபன் அணுக்கள், எர்கொஸ்டெரோலில் 28. அதோடு எர்கொஸ்டெரோலில் இரண்டு இரட்டைப் பிணைப்புகள் கூட. வித்தியாசம் அவ்வளவுதான். 1889இல் பிரான்ஸில் சார்ல்ஸ் தன்ரே என்பவர் ரை தானியக் கதிரில் பிடிக்கும் எர்கொட் என்ற பங்கசிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். பெயரும் அதிலிருந்துதான் வந்தது. பங்கசு மருந்துகளில் பெரும்பகுதி இந்த ஒரு காபனையும் இரண்டு பிணைப்பையும் நம்பித்தான் நிற்கிறது. குழந்தைகளின் வாயில் வெள்ளை படியும்போது விடுகிற நிஸ்டாட்டின் துளி, எர்கொஸ்டெரோலோடு ஒட்டிக்கொண்டு பங்கசின் மென்சவ்வை ஒழுக வைக்கிறது. கிளோட்ரிமசோல், மைக்கொனசோல், புளுகொனசோல் எல்லாம் எர்கொஸ்டெரோலைப் பங்கசு தயாரிக்கும் பாதையில் ஒரு நொதியத்தை அடைக்கின்றன. டெர்பினாபின் அதே பாதையில் இன்னும் முன்னால் ஒரு படியை அடைக்கிறது. பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்வது: ஒருவர் நெல் மூட்டையைக் கிழிக்கிறார், ஒருவர் ஆலையை நிறுத்துகிறார், ஒருவர் வயலிலிருந்து வரும் உழவு இயந்திரத்தை மறிக்கிறார். மூவரின் குறியும் ஒரே சோறுதான்.

பற்றீரியாவைக் கொல்ல இத்தனை வகை மருந்திருக்க, பங்கசுக்கு ஏன் இவ்வளவு குறைவு என்று ஒரு பிள்ளை கேட்டாள். நல்ல கேள்வி. பற்றீரியா எங்களிலிருந்து வெகு தூரம். அதன் சுவர் வேறு, றைபோசோம் வேறு, பெரும்பாலான பற்றீரியாக்களின் மென்சவ்வில் ஸ்டெரோலே இல்லை. அடிக்க எத்தனையோ இடம் உண்டு. பங்கசோ எங்களுக்குக் கிட்டிய சொந்தம். காளானைத் தாவரமென்று நினைக்கிறோம், ஆனால் பரிணாம வழியில் அது தாவரத்தைவிட விலங்குக்குத்தான் நெருக்கம். நெருங்கிய சொந்தத்தை அடிக்கப் போனால் எங்களுக்கும் வலிக்கும். 1950களில் வந்த அம்போட்டெரிசின் பி எர்கொஸ்டெரோலை நன்றாகப் பிடிக்கும், ஆனால் கொலஸ்ட்ரோலையும் கொஞ்சம் பிடிக்கும். அதனால் சிறுநீரகம் பழுதாகும் அபாயம் உண்டு. அந்த மருந்தை இலிப்பிட்டுக் குமிழிக்குள் அடைத்துக் கொடுத்தால் பாதிப்புக் குறைகிறது. 2021இல் இந்தியாவில் கொரோனாவுக்குப் பின்னால் கறுப்புப் பங்கசு பரவியபோது அந்த ஊசிக்குத் தட்டுப்பாடு வந்து, பிள்ளைகள் தாய் தகப்பனுக்காக ஊர் ஊராய் அலைந்ததைச் செய்திகளில் பார்த்தோம்.

நிஸ்டாட்டினின் கதையையும் சொல்லாமல் போக மனமில்லை. எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்ற இரண்டு அமெரிக்கப் பெண்கள் நியூயோர்க் மாநிலச் சுகாதாரத் திணைக்களத்தில் சம்பளத்துக்கு வேலை செய்தவர்கள். ஒருவர் நியூயோர்க் நகரில், மற்றவர் ஒல்பனியில். மண் மாதிரிகளில் வளர்த்த நுண்ணுயிர்களைப் போத்தலில் அடைத்துத் தபாலில் ஆளுக்காள் அனுப்பி ஆராய்ந்தார்கள். 1950இல் அறிவித்தார்கள். உரிமப் பணமாக வந்த சுமார் 13 மில்லியன் டொலரையும் ஆராய்ச்சிக்கே கொடுத்துவிட்டார்கள். தபாலில் போத்தல் அனுப்பி உலகத்துக்கு மருந்து கண்டார்கள். நாங்கள் ஒரு பெயரைச் சரியாக வாசிக்காமல் குடும்பத்துக்கே பூசுகிறோம்.

இனித் தேமல். படர்தாமரையும் தேமலும் வேறு வேறு. படர்தாமரை தொற்றும். கழுத்திலும் நெஞ்சிலும் முதுகிலும் வெளிறிய புள்ளிகளாகப் படரும் இந்தத் தேமல் தொற்றாது. இதற்குக் காரணமான மலசீசியா என்ற மதுவம் அநேகமாக எல்லோருடைய தோலிலும் சும்மா இருக்கிறது. வெக்கையும் வியர்வையும் எண்ணெயும் சேர்ந்தால் சிலரில் பெருகிவிடுகிறது. இதில் ஒரு புதினம். தனக்கு வேண்டிய கொழுப்பமிலத்தைத் தானே செய்ய மலசீசியாவுக்குத் தெரியாது. அதற்கான பரம்பரையலகு அதனிடம் இல்லை. எங்கள் தோல் சுரக்கும் எண்ணெயை உடைத்துத்தான் அது உயிர் வாழ்கிறது. ஆய்வுகூடத்தில் இதை வளர்க்க வேண்டுமென்றால் வளர்ப்பூடகத்தின் மேல் ஒலிவ் எண்ணெய் ஊற்றுவார்கள்.

எங்கள் வீடுகளில் தேமலுக்கு முதல் வைத்தியம் என்ன? தேங்காய் எண்ணெய். கொஞ்சம் வசதியான வீடென்றால் ஸைத்தூன் எண்ணெய். ஸைத்தூனின் மதிப்பில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. சோற்றுக்கும் ரொட்டிக்கும் பரக்கத்தான எண்ணெய்தான். ஆனால் தேமலில் தேய்த்தால் அது தேமலுக்குப் போடுகிற சாப்பாடு. இதைச் சொன்னதற்கு ஒரு மூத்தம்மா எங்களோடு கோபித்துக்கொண்டா. இரண்டு மாதம் கழித்துப் பேத்தியின் கழுத்தைக் காட்ட வந்தா, இன்னும் கோபம் ஆறவில்லை, ஆனால் எண்ணெயை நிறுத்தியிருந்தா.

இன்னொரு விசயம். மருந்து பூசிப் பங்கசு செத்த பிறகும் அந்த வெளிறல் உடனே போகாது. தோலின் நிறமி திரும்பி வரக் கிழமைகள், சிலருக்கு மாதங்கள் எடுக்கும். இது தெரியாமல் "மருந்து கேட்கவில்லை" என்று அடுத்த ரியூபுக்குப் போகிறோம். அங்கேயும் குளோபெட்டசோல் காத்திருக்கிறது.

ஆறாம் ஆண்டில் ஒரு பிள்ளை இரண்டு தவணையாகத் தனி வாங்கில் இருந்தாள். தேமல் தொற்றும் என்று பக்கத்துப் பிள்ளையின் வீட்டில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். எங்களுக்கு அது தெரிய வந்தது பிந்தித்தான். தானே விரும்பித் தனியாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். ஆசிரியர் கலாசாலையில் பிள்ளை உளவியல் படித்து வந்தவர்கள் நாங்கள். அந்த வாங்கை இரண்டு தவணை நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறோம்.

வயல் பக்கமும் போக வேண்டியிருக்கிறது. இங்கே பாதி வீட்டில் வயல், மீதி வீட்டில் தோட்டம். நெல்லுக்கு எரிபந்தம் வந்தால், மிளகாய் பழுக்கும்போது கறுப்புப் புள்ளி விழுந்து அழுகினால் பங்கசுநாசினி அடிக்கிறோம். போத்தல் லேபலை வாசியுங்கள். டெபுகொனசோல், புரொப்பிகொனசோல், டைபெனகொனசோல் என்று "கொனசோல்" இல் முடியும் பெயர்கள் வரும். அவையும் எர்கொஸ்டெரோல் பாதையில் அதே நொதியத்தைத்தான் அடைக்கின்றன. ஆஸ்பத்திரியில் புளுகொனசோல் செய்கிற வேலையை வயலில் இவை செய்கின்றன. மண்ணில் சும்மா வாழும் பங்கசுகளுக்கும் அது போய்ச் சேர்கிறது. தப்பிப் பிழைத்தவை அந்த மருந்துக்குப் பழகியவையாக இருக்கும். சுவாசப்பையைத் தாக்கும் அஸ்பெர்ஜிலஸ் என்ற பங்கசில் இது நடந்திருக்கிறது. வாழ்க்கையில் ஒருநாளும் அசோல் மருந்து எடுக்காத நோயாளிகளிடமும் அசோலுக்கு அடங்காத பங்கசு இருந்ததை நெதர்லாந்தில் கண்டார்கள். விவசாயத்தில் அடித்த மருந்துதான் காரணமென்று ஆராய்ச்சியாளர்கள் கை காட்டுகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2022 ஒக்டோபரில் ஆபத்தான பங்கசுகள் 19 கொண்ட பட்டியல் ஒன்றை முதல்முறையாக வெளியிட்டபோது, இந்த அஸ்பெர்ஜிலஸ் பியூமிகேட்டஸை மிக ஆபத்தான நான்கில் ஒன்றாக வைத்தது.

அதற்காக வயலில் மருந்தே அடிக்கக் கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. 2021 மே மாதம் பசளையையும் மருந்தையும் ஒரேயடியாகத் தடை செய்ததன் விலையை வன்னி விவசாயி நன்றாக அறிவான். அப்படித் தடுத்து நிறுத்தியவர்களே நவம்பரில் தடையை எடுத்தார்கள். நாங்கள் சொல்வது சின்ன விசயம். பக்கத்து வயலில் அடித்தார்கள் என்பதற்காக நோய் இல்லாத பயிருக்கு அடிக்க வேண்டாம். ஒரே "கொனசோல்" ஐப் போகத்துக்குப் போகம் அடிக்காமல், வேறு வகையோடு மாற்றி அடிப்பது எப்படி என்று கமநல சேவை நிலையத்தில் கேளுங்கள். அடித்த கையோடு, அடித்த உடுப்போடு வீட்டுக்குள் வர வேண்டாம். உழவு காலத்தில் சேற்றுப்புண்ணோடு நிற்கிற வாப்பாமாருக்கும் அந்தப் புண்ணில் பூசுவது இதே குடும்பத்து மருந்துதான் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

தோல் பங்கசிலும் இதே கதை இன்னொரு வழியால் நடக்கிறது. இந்தியாவில் கடந்த பத்துப் பதினைந்து வருடங்களாகப் படர்தாமரை ஒரு கொள்ளைநோய்போலப் பரவியிருக்கிறது. ஸ்டீரொயிட் கலந்த கிறீம்களைச் சீட்டில்லாமல் வாங்கிப் பூசியது அதற்கு ஒரு பெரிய காரணம் என்று அங்குள்ள தோல் வைத்தியர்களே திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள். அங்கே பரவிய ஒரு வகைக்கு 2020இல் ட்ரைக்கோபைட்டன் இன்டொட்டினியே என்று தனிப் பெயர் வைத்தார்கள். டெர்பினாபின் அடைக்கிற அந்த நொதியத்தின் வடிவத்தை இந்த வகையில் பல மாற்றிக்கொண்டுவிட்டன. பூட்டு மாறிவிட்டது, பழைய திறப்பு நுழையவில்லை. 2023இல் அமெரிக்காவிலும் இது கண்டுபிடிக்கப்பட்டதாக அறிவித்தார்கள். பங்கசுக்கு வீசா தேவையில்லை. தமிழ்நாட்டுக்கும் எங்களுக்கும் இடையில் எத்தனை பேர் போய் வருகிறோம் என்று யோசித்துப் பாருங்கள்.

மருந்து வகை குறைவு, அடிக்கும் இடம் ஏறத்தாழ ஒன்றே ஒன்று. அதையும் பாதியில் நிறுத்திய கிறீமாலும், தேவையில்லாத ஸ்டீரொயிட்டாலும், கணக்கில்லாமல் அடித்த நாசினியாலும் நாங்களே பழுதாக்கிக்கொண்டிருக்கிறோம். புது மருந்து ஆராய்ச்சி நடக்கிறது, உண்மைதான். அது வந்து, விலை குறைந்து, எங்கள் பிரதேச வைத்தியசாலையின் மருந்துக் கவுண்டருக்கு வர எத்தனை வருடம்?

கடை வைத்திருக்கும் சகோதரர்களிடம் ஒன்று கேட்கிறோம். குளோபெட்டசோல், பெட்டாமெத்தசோன் கேட்டு வருகிறவரிடம் துண்டு கேளுங்கள். துண்டில்லையென்றால் கொடுக்காதீர்கள். அடுத்த கடையில் வாங்குவார்கள் என்பது எங்களுக்கும் தெரியும். வாங்கட்டும், உங்கள் கையால் வேண்டாம். வைத்தியர்களிடமும் ஒன்று கேட்கிறோம், கோபிக்க வேண்டாம். ரியூபைக் கொடுக்கும்போது "கடி நின்ற பிறகும் இத்தனை நாள் பூசு" என்பதைத் துண்டில் தமிழில் எழுதிக் கொடுங்கள். கடி நின்ற நாளோடு பூசுவதை நிறுத்துகிறவர்கள்தான் எங்கள் ஊரில் அதிகம். இனிப் பாடசாலைக்கு மருத்துவப் பரிசோதனைக்கு வரும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையினரிடம், பல்லும் உயரமும் நிறையும் பார்ப்பதோடு தோலையும் பார்க்கச் சொல்லி எழுதிக் கேட்கப் போகிறோம். பெண் பிள்ளைகளைப் பெண்ணொருவர் தனியறையில் பார்க்க வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதுவோம்.

வீட்டில் செய்வதற்குக் காசு தேவையில்லை. ஆளுக்கொரு துவாய், முடிந்தால் ஆளுக்கொரு சாரம். உள்ளுடுப்பை அறைக்குள் கொடியில் போடாமல் வெயிலில் காய விடுங்கள். வெட்கப்பட்டால் மேலே ஒரு மெல்லிய துணியைப் போடலாம். வுழூச் செய்த ஈரக் காலோடு சப்பாத்துக்குள் காலை விடுகிற பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்: விரலிடுக்கைக் கோதிக் கழுவுகிற அளவுக்குத் துடைக்கவும் வேண்டும். ஜும்ஆவுக்குப் பிறகு இரண்டு நிமிடம் இதைச் சொல்ல எங்கள் பள்ளிவாசலில் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். கோயில் நிர்வாகத்திலுள்ள ஒரு அண்ணனும் பொங்கலுக்கு ஒலிபெருக்கியில் சொல்வதாகச் சொன்னார்.

அந்த எட்டாம் ஆண்டுப் பையன் மாவட்ட வைத்தியசாலையின் தோல் கிளினிக்குக்கு மூன்று தரம் பஸ் ஏறிப் போனான். குளிசை, அதோடு கிறீம், வீட்டிலுள்ள ஐந்து பேருக்கும் ஒரே நேரத்தில் சிகிச்சை. இப்போது வகுப்புக்கு வருகிறான். இடுப்பில் கோடுகள் இருக்கின்றன. பந்து விளையாடும்போது சேர்ட்டைக் கழற்றுவதில்லை.

ஆறாம் ஆண்டுப் பிள்ளையை முன்வரிசைக்கு மாற்றினோம். பக்கத்தில் இருக்கப் பயந்த பிள்ளையின் தாயைக் கூப்பிட்டுப் பேசினோம். மனுசி நல்லவ, தெரியாமல் சொன்னதுதான். மகளை அவவே கூட்டி வந்து பக்கத்தில் இருத்திவிட்டுப் போனா.

கடைசியாக, உங்கள் வீட்டில் உள்ள ரியூபின் பெயர் எழுத்துச் சின்னதாக இருந்து வாசிக்க முடியாவிட்டால் படம் எடுத்து இன்பொக்ஸில் போடுங்கள். என்ன மருந்து, எந்த வகை என்று மட்டும் வாசித்துச் சொல்வோம். பூசலாமா வேண்டாமா என்று எங்களைக் கேட்க வேண்டாம், நாங்கள் வைத்தியர்களில்லை. நேற்று இரவு மட்டும் எங்கள் உறவுகளுக்குள்ளேயே ஒன்பது படம் வந்தது. அதில் ஆறு ஸ்டீரொயிட்.